இன்னொரு தடவை பார்த்துவிடுகிறவர்

பஸ் போய்விட்டது என்று யார் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார். கடலூர் பஸ் நிலையத்தில் பெட்டிக்கடைக்காரர் சொல்வார், பூக்காரம்மா சொல்வார், நேரம் குறிக்கிறவர் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிச் சொல்வார். இவர் கைப்பையை இடுக்கிக்கொண்டு, சிதம்பரம் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். பெரும்பாலும் பஸ் போயிருக்கும். எப்போதாவது ஒரு நாள் போகாமல் நிற்கும். அந்த எப்போதாவதுக்காக அவரோடு சேர்ந்து நானும் வெயிலில் நடந்திருக்கிறேன். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று சிதம்பரம் பக்கம் ரயிலையே நிறுத்தி வைத்திருந்த காலம். பஸ்ஸை விட்டால் எங்களுக்கு வேறு கதியில்லை.

அவர் மயக்க மருந்து டாக்டர். நான் கால்நடை டாக்டர். இரண்டு பேரும் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தோம். சிதம்பரத்தின் ஓரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன ஆராய்ச்சிக்கூடம், 2006 வாக்கில் எங்களை ஒரே வேலையில் கோத்துவிட்டது. கடலூரில் நான் மஞ்சக்குப்பத்திலிருந்தும் அவர் புதுப்பாளையத்திலிருந்தும் கிளம்பி ஒரே பஸ்ஸில் போய்வருவோம். ஆள் குள்ளம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை. கைப்பையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, பேனா மாதிரி ஒரு டார்ச் லைட் இருக்கும். கூடத்தில் எல்லோரும் அவருக்கு ‘இன்னொரு தடவை டாக்டர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தது நான்தான். எதைச் செய்து முடித்தாலும் “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம் சார்” என்பார். அந்த ‘எதுக்கும்’ காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அங்கே நடந்த வேலையைச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. என் மனைவியே சுளித்திருக்கிறாள். விபத்தில் மண்டையில் அடிபட்டவர்கள் சிலருக்கு மூளை முழுவதுமாகச் செத்துவிடும், இனித் திரும்பாது. கருவி மூச்சை ஊதிக்கொண்டிருப்பதால் இதயம் மட்டும் கொஞ்ச காலம் துடிக்கும். அந்த நிலையில் வீட்டார் மனம் வைத்தால் சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் இன்னொருவருக்குப் போகலாம். ஆனால் மூளை சாகிறபோது இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும், சுரப்பிகள் கைவிடும், அந்தக் கலவரத்தில் சிறுநீரகமும் கெட்டுப்போகும். கெடாமல் காப்பது எப்படி என்று மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரு பன்றியை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்து, மண்டையோட்டில் சின்னத் துளை போட்டு, உள்ளே ஒரு பலூனை வைத்து, உப்புநீரை மெல்ல ஏற்றி, மனிதனுக்கு நேர்வதை அதற்கும் நேரவைத்து, பிறகு அதன் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்க்க வேண்டும். நெறிமுறைக் குழு ஒன்று ஒவ்வொரு பன்றிக்கும் காரணம் கேட்டுத்தான் அனுமதி கொடுக்கும். பன்றிகளைக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நோயில்லாமல் பார்த்துக்கொண்டு, கடைசியில் மேஜை வரைக்கும் கொண்டுவருவது என் பொறுப்பு. லேசான பொறுப்பில்லை.

எனக்கு இதில் சொந்தக் காரியமும் ஒன்று இருந்தது. என் அக்காவின் கணவர் காட்டுமன்னார்கோயிலில் அரிசி ஆலை வைத்திருந்தவர். இரண்டு சிறுநீரகமும் போய், பாண்டிச்சேரிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். போக்குவரத்து கட்டுப்படியாகாமல் அக்காவும் மாமாவும் என் வீட்டு மாடிக்கே வந்துவிட்டார்கள். அக்காவுக்குச் சர்க்கரை, அவளுடையது உதவாது. எனக்கு இரத்தம் சேரவில்லை. இனி முகம் தெரியாத யாராவது கொடுத்தால்தான் உண்டு. அதனால் ஆராய்ச்சி சீக்கிரம் முடிய வேண்டும் என்பது என் அவசரம். அது சரியாக முடிய வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தினமும் காலையில் பஸ்ஸில் இந்த இரண்டும்தான் அடித்துக்கொண்டு போகும்.

ஒரு ஆயுத பூஜைக்கு எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். மூச்சுக் கருவிக்கு விசேஷமாகச் செவ்வந்தி மாலை. அவரும் பக்தியாகக் கும்பிட்டார், பொரி வாங்கித் தின்றார். மறுநாள் காலையில் வந்ததும் மூச்சுக் கருவியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். “நேத்து மத்தியானம்தானே டாக்டர் ஓட்டிப் பாத்தோம்?” என்றேன். “அது சாமி கும்பிடறதுக்கு முன்னாடி சார்” என்றார். அரைநாள் வேலை கெட்டது. காற்றை உள்ளே இழுக்கிற வாயில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டிக்கொண்டிருந்ததை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஒன்றும் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அக்கா மகள் கல்யாணம் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் நடந்தது. அன்றைக்கு அங்கே எத்தனை கல்யாணமோ, எந்த மாப்பிள்ளை எந்தப் பெண்ணுக்கு என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. அவர் தாமதமாகத்தான் வந்தார். பந்தி முடிந்துவிட்டது, சாம்பார் இல்லை என்று சமையல்காரர் கையை விரித்தார். அக்கா பதறிப்போய் ஓட்டலுக்கு ஆள் அனுப்பப் பார்த்தாள். இவர் நேராகச் சமையல்கட்டுக்குள் போய், அண்டாவைச் சாய்த்துப் பார்த்து, கரண்டியை விட்டு வழித்து, எட்டுப் பேருக்குத் தாராளமாகக் காணும்படி எடுத்துவந்தார். மாமாவுக்கு ஒரே சிரிப்பு. நாலு வாய் தண்ணீருக்குக்கூடக் கணக்குப் பார்க்க வேண்டிய நிலைமை அவருக்கு, சாம்பாரைத் தொட முடியாது. ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மச்சான், உங்க டாக்டரம்மா அண்டாவயே நம்பல பாத்தீங்களா? எனக்கு ஆபரேசன் பண்ணா இவுங்கதான் மயக்க ஊசி போடணும்” என்றார்.

“அதுக்குள்ள உங்களுக்கே போரடிச்சுடும் சார். நான் ஒரு ஊசிக்கு ஒம்போது கேள்வி கேப்பேன்” என்றார் அவர்.

அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் மாமாவை விசாரிப்பார். ‘நல்லா இருக்காரு’ என்ற பதில் செல்லாது. நேற்றைக்கு எடை எவ்வளவு, கால் வீங்கியிருக்கிறதா, நீங்களே அமுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்பார். நான் பாராததை அவரிடம் சொல்ல முடியாது. அவர் கேட்பாரே என்பதற்காகவே காலையில் மாடியேறி மாமா காலை அமுக்கிப் பார்த்துவிட்டு பஸ் பிடித்த நாட்கள் உண்டு.

ஏன் இப்படி ஆனார் என்று ஒருமுறை கேட்டேன். பின்னால் ஏதோ சோகக்கதை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். “எங்க வீட்ல எல்லாருமே இப்படித்தான் சார். எங்கப்பா பூட்டின பூட்ட அம்மா இழுத்துப் பாப்பாங்க. அம்மா இழுத்தத நான் இழுத்துப் பாப்பேன்” என்றார். அவ்வளவுதான் கதை.

பன்றியை மேஜையில் ஏற்றுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவர் கொட்டிலுக்கு வருவார். ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்து, அது தின்றுகொண்டிருக்கும்போது டார்ச்சை அடித்துக் கண்மணி எப்படிச் சுருங்குகிறது என்று பார்ப்பார். மூக்கைத் தொடுவார், காதைக் கிள்ளுவார், மூச்சை எண்ணுவார். பன்றி வாலை ஆட்டிக்கொண்டு அவர் புடவையில் சேற்றைப் பூசும். இதெல்லாம் எந்த விதிமுறையிலும் இல்லை. “நாளைக்கு எப்படியும் எல்லாம் பாக்கத்தானே போறீங்க?” என்று கேட்டேன். “உயிரோட இது எப்படி இருந்துச்சுன்னு தெரியாம, செத்துடுச்சான்னு எப்படி சார் சொல்லுறது?” என்றார். என் தொழிலில் அதுவரை யாரும் ஒரு பன்றிக்கு அந்த மரியாதையைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்தக் கொட்டிலில்தான்.

மூன்றாவது பன்றியைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. மனிதனுக்கு மூளைச்சாவைத் தீர்மானிக்க விதிகள் இருக்கின்றன. அதைப் பன்றிக்கு எப்படிப் பொருத்துவது என்பதில்தான் எங்கள் வேலையின் உயிர்நாடியே இருந்தது. மூளை செத்ததா என்று சோதிக்க வேண்டுமானால் மயக்க மருந்தை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் மயக்கமே மரணம் மாதிரி ஏமாற்றும். ஆனால் மூளை சாகாமல் மருந்தை மட்டும் நிறுத்தினால் அந்த ஜீவனுக்கு நினைவு திரும்பி வலி தெரியும். அதனால் சோதனை நடக்கிற நேரம் முழுக்க, மயக்க மருந்து ஏற்றிய சிரிஞ்சைக் கையில் பிடித்தபடியே அவர் நிற்பார். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார்.

அன்றைக்குக் கண்மணி இரண்டும் அகல விரிந்து நின்றன, வெளிச்சத்துக்கு அசையவில்லை. மூக்கில் குத்தினால் அசைவில்லை. மூச்சுக் கருவியைப் பிரித்துப் பார்த்தோம், மூச்சும் வரவில்லை. எங்களில் மூத்தவரான அறுவை சிகிச்சை டாக்டர் கையுறையைக் கழற்றி, “அவ்வளவுதான்பா, வந்துட்டோம்!” என்றார். இரண்டு தடவை தோற்ற பிறகு வந்த வெற்றி. நான் கை தட்டியே விட்டேன்.

“எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்” என்றார் அவர்.

“இன்னும் என்னா டாக்டர் பாக்கணும்? அதுதான் எல்லாம் பாத்தாச்சே!” என்று கத்தினேன். முந்தின நாள்தான் மாமாவுக்கு டயாலிசிஸ் படுக்கையிலேயே மயக்கம் வந்திருந்தது.

அவர் காலையிலிருந்து கொடுத்த மருந்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னார். பன்றிக்கு எச்சில் அதிகம், மூச்சுக் குழாயை அடைக்கும். அதற்காக அட்ரோபின் ஊசி போடுவது அந்த அறையில் எல்லோருக்கும் கைப்பழக்கம். நடுவில் துடிப்பு குறைந்தபோது அதையே இன்னும் இரண்டு தடவை போட்டிருந்தோம். அட்ரோபின் கண்மணியை விரிய வைக்கும். விரிந்த கண் சாவின் அடையாளமா, மருந்தின் வேலையா, யாருக்குத் தெரியும்? இரண்டாவது, காலையிலிருந்து மூச்சுக் கருவியை வேகமாக ஓட்டியிருந்தோம். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோனால், உயிருள்ள மூளைக்கும் மூச்சு விட வேண்டும் என்று தோன்றாது.

அவர் கருவியின் வேகத்தைக் குறைத்தார். உடம்பு சூடு இறங்காமலிருக்கப் பன்றிக்குப் போர்வையைச் சரியாகப் போர்த்தினார். இரத்தத்தைச் சோதித்து, வாயு அளவு சரியாகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு குழாயைப் பிரித்தார். எல்லோரும் அதன் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த விலா லேசாக எழும்பித் தாழ்ந்தது.

ஒரே ஒரு மூச்சு. அது முடிவதற்குள் அவர் கையிலிருந்த மருந்து உள்ளே போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மயக்கமில்லாமல் அதன் வயிற்றைத் திறந்திருப்போம். அவர் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மயக்கத்திலேயே அதை நிம்மதியாக அனுப்பிவைத்துவிட்டு, “இது கணக்குல சேராது” என்று மட்டும் சொன்னார்.

மறுநாளிலிருந்து அட்ரோபின் ஒழிந்தது. கண்ணைப் பாதிக்காத வேறு மருந்து வந்தது. வாயு அளவு பார்க்காமல் குழாயைப் பிரிப்பதில்லை, இடைவெளி விட்டு இரண்டு முறை சோதிக்காமல் தீர்மானிப்பதில்லை, மூளைக்கு இரத்தம் போகிறதா என்று தனியாகப் பார்க்காமல் நம்புவதில்லை என்று விதிகளை ஒவ்வொன்றாக உண்டாக்கினார். நெறிமுறைக் குழுவின் முன்னால் தானே போய் மூன்றாவது பன்றியின் கதையைச் சொன்னார். திட்டத்தை மூடிவிடுவார்கள் என்று நாங்கள் நடுங்கினோம். அதைச் சொன்னதால்தான் அவர்கள் தொடரவிட்டார்கள்.

வேலை மெதுவாக நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. பலூனை அவசரமாக நிரப்பினால் அழுத்தம் எகிறி இதயமே அடிபடுகிறது, மெதுவாக நிரப்பினால் அந்தக் கலவரம் அடங்கி நடக்கிறது என்று கண்டோம். மூளை செத்த பிறகு எந்த அளவு திரவம், எந்த மருந்து என்று பழகிக்கொண்டோம். கடைசியில் ஒரு பகல் முழுக்க ஒரு பன்றியின் சிறுநீரகம் கெடாமல் வேலை செய்தது. குழாயில் சிறுநீர் தெளிவாக இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பன்றி மூத்திரத்தைப் பார்த்து அழுத ஒரே கால்நடை டாக்டர் நானாகத்தான் இருப்பேன். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டுக் குழாயில் ஒழுகல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

மாமாவுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது அதற்கு அடுத்த வருடம். விபத்தில் அடிபட்ட ஒரு இளைஞனின் சிறுநீரகம் என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. சொந்தபந்தம் எல்லாம் வேன் பிடித்துக்கொண்டு ஓடினோம். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நான் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அவருக்குப் போன் போட்டு, “எல்லாம் உங்களாலதான் டாக்டர்” என்றேன்.

“நம்ம பன்னிக்கும் உங்க மாமாவுக்கும் நேர் சம்பந்தம் எதுவும் கிடையாது சார். அப்படிச் சொன்னா அது பொய். ஆனா எனக்கு ரொம்ப சந்தோசம். யூரின் எவ்ளோ வந்துச்சு?” என்றார்.

மாமா மஞ்சக்குப்பத்துக்குத் திரும்பி வந்தார். முகத்தில் களை வந்திருந்தது, பசி வந்திருந்தது. ஆனால் ஆள் கலகலப்பாக இல்லை. புதுச் சிறுநீரகத்தை அடிவயிற்றில் வலது பக்கம் வைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் அவர் கையே போகாது. சோப்பு போடக்கூட அக்காதான் போட வேண்டும். ஒரு நாள் படுக்கையைத் தட்டும்போது அடியில் மாத்திரைகள் கிடந்தன. உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஒதுக்கிவிடாமல் இருக்க, ஒரு வேளைகூட விடாமல் போட வேண்டிய மாத்திரைகள். அக்கா என்னிடம் ஓடிவந்து அழுதாள்.

நான் மாடியேறி மாமாவிடம் கேட்டேன்.

“மச்சான், நீங்கதானே சொன்னீங்க. அந்தப் பன்னி செத்துடுச்சுன்னு எல்லாரும் கை தட்டுனீங்க, அப்பறம் மூச்சு விட்டுச்சுன்னு. அந்தப் பையனுக்கும் நெஞ்சு துடிச்சிக்கிட்டுத்தானே இருந்துச்சு? அவனும் அப்படி ஒரு மூச்சு விடறதுக்குள்ள எனக்காக அறுத்துட்டாங்களோன்னு இருக்குது. முழுங்கப் போனா தொண்டையில நிக்குது மாத்திர.”

நான் என்னென்னவோ சொன்னேன். சட்டம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரி, கெட்டிக்கார டாக்டர்கள் என்றேன். “நீங்க பாத்தீங்களா?” என்றார்.

கீழே இறங்கிவந்து டாக்டருக்குப் போன் போட்டேன். “டாக்டர், நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். செத்துட்டான்தான்னு சொல்லுங்க. நீங்க சொன்னா மாமா நம்புவாரு.”

“எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அங்க இல்லயே” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு மனுஷன் கிடைத்த உயிரைக் கையிலிருந்து நழுவவிட்டுக்கொண்டிருக்கிறான், இந்த அம்மா இங்கேயும் வந்து நீதிமன்றம் நடத்துகிறாரே என்று போனை வைத்துவிட்டேன். அடுத்த நாளும் பேசவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அதட்டியும் கெஞ்சியும் மாத்திரைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாமா பாதி முழுங்கினார், பாதி துப்பினார்.

அந்த வாரக் கடைசியில், ஒரு மத்தியான வேளையில், டாக்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். நேராக மாடியேறினார். மாமா கட்டிலுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சார், சென்னைக்குப் போய்ட்டு வந்தேன். அந்த ஆஸ்பத்திரில மயக்க டாக்டர்ங்க எனக்குத் தெரிஞ்சவங்க. பையன் பேரு, ஊரு எதையும் நான் கேக்கல, அவங்களும் சொல்லல. எப்படிப் பாத்தீங்கன்னு மட்டும் கேட்டேன். சோதிச்ச டாக்டர்ங்க எல்லாரையும் தனித்தனியா கேட்டேன். உங்களுக்கு ஆபரேசன் பண்ணவங்க அதுல ஒருத்தர்கூட இல்ல.”

மாமா மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

“கண்ண ஏமாத்தற மருந்து எதுவும் குடுக்கல. தூக்க மருந்து எல்லாம் இறங்கினதுக்கு அப்பறம்தான் பாத்திருக்காங்க. உடம்பு சூடு சரியா இருந்துச்சு. வாயு அளவு சரி பண்ணிட்டுத்தான் குழாயப் பிரிச்சாங்க. மூச்சு வருதான்னு நெஞ்சுல கண்ண வச்சிக்கிட்டு நின்னுருக்காங்க. வரல. மணிக்கணக்கா விட்டு, மறுபடியும் எல்லாத்தயும் முதல்லேருந்து பாத்திருக்காங்க. அப்பவும் வரல. அதுக்கு அப்பறம்தான் அவங்க அம்மாகிட்ட பேசியிருக்காங்க. அவங்க அம்மா யோசிச்சுட்டு, சரி குடுக்கறோம்னு சொல்லியிருக்காங்க.”

“அம்மாவா சொன்னாங்க?” என்றார் மாமா.

“அம்மாதான்.”

“நீங்க அங்க இருந்திருந்தா, டாக்டரம்மா? இன்னொரு தடவை பாருங்கன்னு சொல்லியிருப்பீங்களா?”

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மாமா பக்கம் திரும்பினார்.

“இல்ல சார். அதுக்கு மேல பாக்க ஒண்ணும் இல்ல.”

இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து அந்த வாக்கியத்தை நான் கேட்டது அன்று ஒருநாள்தான். மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அக்கா தண்ணீரையும் மாத்திரையையும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அழுது ஓய்ந்த பிறகு மாமா மாத்திரையை எடுத்து ஒரே மடக்கில் விழுங்கினார். பிறகு சட்டையை லேசாக விலக்கி, அடிவயிற்றின் வலது பக்கத்தில் கையை வைத்து, தூங்குகிற பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி மெதுவாக அழுத்திப் பார்த்தார்.